இடது பக்கத்துக் கிளி

மாமா தொழுகையை முடித்து, சுவரைப் பிடித்து எழுந்து, நாலு எட்டுதான் நடந்திருப்பார். பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். நான் சமையலறையில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மாவுக் கையோடு ஓடிவந்து பார்த்தால், தொழுகைப் பாயின் தலைமாட்டில், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவர் நெற்றி பட்டிருந்த இடத்தில், தேங்காய் அளவு சுண்ணாம்புக் கட்டி ஒன்று உடைந்து கிடந்தது. பாய் முழுக்க வெள்ளைப் பொடி.

“இன்னாது விழுந்துச்சு? பாத்துச் சொல்லு” என்றார் மாமா.

“கிளியோட தல மாமா.”

“எந்தக் கிளி?”

“இடது பக்கத்துது.”

எங்கள் வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவரில், உள்ளறைக்குப் போகிற வளைவுக்கு மேலே, பழைய சுதை வேலை இருக்கிறது. திராட்சைக் கொடி வளைவு முழுக்க ஓடும். நடுவில் ஒரு குலை தொங்கும். குலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கிளிகள், ஒன்றையொன்று பார்த்தபடி. பார்த்தபடி என்று சொல்வதுகூடத் தப்பு. இரண்டுக்கும் கண் கிடையாது. மூக்கு உண்டு, கழுத்து வளையம் உண்டு, இறகுக்கு இறகு கோடு உண்டு. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் மொழுமொழுவென்று இருக்கும்.

வீட்டைக் கட்டியவர் மாமாவின் தாத்தா. அந்தக் காலத்தில் ஊரில் வசதியான வீடு என்றால் சுதையில் கொடியும் கிளியும் இருந்தாக வேண்டுமாம். சுதை வேலைக்காரர் கிளியைச் சுண்ணாம்பில் பிடித்து முடிக்கும் நேரத்தில் தாத்தா வந்து தடுத்திருக்கிறார். தொழுகிற கூடத்தில் உருவம் ஆகாது, கண் வைக்காமல் விட்டுவிடு, கண் இல்லை என்றால் அது உருவமில்லை, இலை மாதிரி பூ மாதிரி ஒன்று, என்பது அவர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு சரியா என்று மார்க்கம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

மாமா என் கணவரின் அப்பா. எண்பதை நெருங்குகிறார். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் எங்கள் பீரோ கடை, அவர் தகரப் பெட்டி செய்ய ஆரம்பித்த கடை. இரண்டு வருஷமாக இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றால் பயம். பயம் என்று சொல்ல மாட்டார், “சுகர் கம்மியாவட்டும்” என்பார். மாமி இறந்த பிறகு, அவருக்காகப் பார்க்கிற வேலை என்னுடையதாயிற்று. மாத்திரை அட்டையில் என்ன தேதி, கரண்டு பில்லில் என்ன எழுதியிருக்கிறது, தெருவில் போகிறது யார் வீட்டு வண்டி, எல்லாவற்றுக்கும் “பாத்துச் சொல்லு.” ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அதைக் கேட்பேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாளெல்லாம் கத்திவிட்டு வருகிறவளுக்கு அது சில நாள் எரிச்சலாக இருந்ததை மறைப்பானேன்.

தலை விழுந்த அன்றைக்குச் சாயங்காலமே மாமா மகனைக் கூப்பிட்டார். “மொத்தத்தையும் கொத்திப் போட்டுட்டு சிமெண்ட்டு பூசிடு. ஒரு நிமிஷம் முன்னாடி விழுந்திருந்தா என் மண்ட போயிருக்கும்” என்றார். என் கணவர் எதற்கும் சரி என்று சொல்கிறவர். அதற்கும் சரி என்றார்.

நான்தான் குறுக்கே விழுந்தேன். எனக்கே ஆச்சரியம். மாமா முன்னால் குரல் உயர்த்திப் பேசியவள் இல்லை நான்.

ஆரணியிலிருந்து கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. மாமி, மூன்று நாத்தனார்கள், போகிற வருகிற சொந்தக்காரர்கள் என்று வீடு நிறைய ஆட்கள். நான் எப்படி உட்காருகிறேன், எவ்வளவு சாப்பிடுகிறேன், முக்காடு எப்படிப் போடுகிறேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வீட்டில் என்னைக் குறுகுறுவென்று பார்க்காத இரண்டு பேர் அந்தக் கிளிகள்தான். கூடத்தைப் பெருக்கும்போது அவற்றோடு மனசுக்குள் பேசுவேன். அம்மா ஞாபகம் வந்தால் அங்கேதான் நின்று அழுவேன். என் மகளும் அந்தக் கிளிகளைப் பார்த்துத்தான் வரையக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. கார்த்திகை தீபத் திருவிழா வந்தால் ஊருக்குள் ஒரு வண்டியும் நுழைய முடியாது என்று, அதற்கு முந்திய மாதம் நாள் குறித்திருந்தோம். மண்டபம் வேண்டாம், நம் கூடத்திலேயே நடக்கட்டும், கிளிக்குக் கீழே நின்று போட்டோ எடுக்க வேண்டும் என்று அவள் சென்னையிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாள்.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லவில்லை. “ரிப்பேர் பண்ணிடலாம் மாமா, என் பொறுப்பு” என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்னார். “இருந்தது இருந்தபடியே இருக்கணும். ஒரு புள்ளி ஜாஸ்தி ஆவக்கூடாது. என்னால பாக்க முடியாது. நீதான் பாத்துச் சொல்லணும். மாறிச்சுன்னா மறுநாளே ஆள வெச்சு எல்லாத்தையும் எடுத்துடுவேன். கல்யாணமாவது ஒண்ணாவது.”

“சரி மாமா” என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து பிடித்துக்கொண்டது பயம்.

முதலில் வந்த மேஸ்திரி, தட்டிப் பார்க்காமலே சிமெண்ட்டு என்றார். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் ஒட்டாது, ஒட்டினாலும் பழையதைச் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும் என்று எனக்கே தெரியும். அடுத்து வந்தவர் செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் போகிற காப்பிக் கடைகளுக்கெல்லாம் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். “இத்த எடுத்துடுங்க மேடம், அச்சுல ஊத்தி நூறு கிளி ஒட்டித் தரேன்” என்றார். எனக்கு எதற்கு நூறு கிளி? அவரை டீ கொடுத்து அனுப்பினேன். கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர்தான், அடி அண்ணாமலையில் ஒரு சுதைக்காரர் இருக்கிறார், கோபுர வேலைக்குப் போகிறவர், இப்போது இரண்டு மாதம் சும்மாதான் இருக்கிறார் என்று சொன்னாள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தின்று வெளுத்திருந்தது. வந்தவர் எங்களிடம் பேசவில்லை. ஏணி வைத்து ஏறி, கரண்டிக் காம்பால் வளைவு நெடுகத் தட்டிக்கொண்டே போனார். வலது பக்கம் கணீரென்று கேட்டது. இடது பக்கம் போகப்போக, காலிப் பானையில் தட்டுவதுபோல் டொப் டொப்.

“வலது பக்கம் ஒண்ணியும் ஆவல பாயம்மா. இடது பக்கம் பாதிக்கு மேல செவுத்த விட்டுப் பிரிஞ்சி நிக்குது. மெதுவா உள்ள சுண்ணாம்புப் பால் விட்டுப் பிடிக்கணும். தல புதுசா செய்யணும்.”

“எவ்ளோ நாள் ஆவும்?”

“சுண்ணாம்பு எப்ப விடுதோ அப்ப. அத்த அவசரப்படுத்த முடியாது.”

பின்கட்டில் தொட்டி கட்டி, சுண்ணாம்பு ஊறப்போட்டார். கடுக்காயும் வெல்லமும் பானையில் ஊறிப் புளித்த நாற்றம் வீடு முழுக்க. அவர் மனைவி வந்து அந்தத் தண்ணீரைச் சுண்ணாம்பில் விட்டு விட்டு அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்துக் கொடுத்தாள். பௌர்ணமி அன்றைக்கு மட்டும் இரண்டு பேரும் வர மாட்டார்கள், கிரிவலப் பாதையில் சுண்டல் கடை போட வேண்டும். அந்தப் பௌர்ணமி நாளில் எனக்குத்தான் கை கால் ஓடாது. ஒரு நாள் போயிற்றே என்று இருக்கும்.

தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஒட்டடைக் குச்சியின் காம்பால் நான் ஒரு தரம் தட்டிப் பார்ப்பேன். சத்தம் நேற்றுக்கு இன்று கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதா, இல்லை என் பிரமையா? இன்னொரு கட்டி விழுந்தால்? மாமா கீழே நிற்கும்போது விழுந்தால்? அவருடைய தொழுகைப் பாயை வளைவிலிருந்து தள்ளி, கூடத்தின் நடுவில் போட்டுவைத்தேன். அவரோ பழக்கதோஷத்தில் பாயைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்வார். வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அந்த டொப் டொப் காதில் கேட்கும். வானம் கறுத்தால் சுண்ணாம்பு காயாதே என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

உள்ளே விட்ட சுண்ணாம்புப் பால் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் நான் தட்டியபோது இடது பக்கமும் கணீரென்றது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதை மறந்து, திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே நின்றேன்.

பிறகு தலை. செப்புக் கம்பி வளைத்து, செங்கல் துண்டு வைத்து, அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுதையைப் பிடித்தார். மூக்கு வளைந்து வந்த நாளில் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

“கண்ணு?” என்றார், என்னைப் பார்க்காமல்.

“கண்ணு கூடாதுங்க. முதல் நாளே சொன்னேனே.”

“வலது பக்கத்துது எவரோ செஞ்சது. அது அவரு பாடு. இந்தத் தல நான் பிடிக்கறேனே பாயம்மா.”

“பிடிங்க. கண்ணு மட்டும் வேணாம். அந்த ஒண்ணுக்காகத்தான் எங்க மாமா ஒத்துக்கினாரு. அது மாறுச்சுன்னா மொத்தமும் போயிடும்.”

அவர் பதில் சொல்லவில்லை. கரண்டியைத் தண்ணீரில் அலசினார். நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை பதில் சொல்லாமல் நின்றால் அதற்கு விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் மனசில் வேறு ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷ டீச்சர் உத்தியோகம் அன்றைக்கு எங்கே போயிற்றோ.

வெள்ளிக்கிழமை. வேலையின் கடைசி நாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவலாம் என்று வாஷ்பேசினுக்குப் போனேன். அங்கே மாட்டியிருக்கும் கண்ணாடியைக் காணோம். ஆணி மட்டும் இருந்தது. கூடத்துக்கு வந்து பார்த்தால், சுதைக்காரர் கட்டியிருந்த சாரத்தின் பலகைமேல் அந்தக் கண்ணாடி சாய்த்து வைத்திருந்தது, கிளிக்கு எதிராக. நிமிர்ந்து பார்த்தேன்.

கிளி என்னைப் பார்த்தது.

ஒரு சின்ன வட்டம், நடுவில் ஒரு குழி. அவ்வளவுதான். ஆனால் அதுவரை வெறும் சுண்ணாம்பாக இருந்தது இப்போது பார்த்துக்கொண்டிருந்தது. சுதைக்காரர் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, சுவரோரமாக நின்றிருந்தார்.

“இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

“தப்புதான் பாயம்மா. எல்லாரும் ஜும்மாவுக்குப் போன நேரத்துல கண்ணத் தொறந்துட்டேன். காலையிலேந்து பச்சத் தண்ணி குடிக்கல. சூடம் கீடம் எதுவும் ஏத்தல, உங்க வீட்ல அது மாதிரி பண்ணுவனா? தொறந்த கண்ணுக்கு மொதல்ல கண்ணாடி காட்டணும், அத்த மட்டும் காட்டினேன்.”

“நான் அத்தன தடவ சொன்னேனே.”

“சொன்னீங்க. நானும் விட்டுட்டுப் போயிடலாம்னுதான் இருந்தேன். முடியல. எங்க அண்ணன் ஒரு வேலையில சண்ட போட்டுக்கினு, உருவத்த செஞ்சிட்டுக் கண்ணு தொறக்காம வந்துட்டான். அதே வாரம் சுண்ணாம்பு தெறிச்சி அவனுக்கு ஒரு கண்ணு போச்சு. என் கையால செஞ்ச தலைக்குக் கண்ணு வெக்காம போனா எனக்குத் தூக்கம் வராது. எனக்கும் புள்ளைங்க இருக்குது பாயம்மா.”

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அந்தக் கோபம் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. அவரும் பயந்துதான் போயிருந்தார், என்னைப்போலவே.

“மூடிடுங்க. ஈரமாத்தானே இருக்கும்?”

“தொறந்ததை நான் மூட மாட்டேன். நீங்க கை வெச்சாலும், பளபளன்னு தேச்சி முடிச்சாச்சு. அந்த இடத்துல கீறினா மூக்கோட பேந்து வந்துடும்.”

ஏறிப் பார்ப்பதா, என் கணவருக்கு ஃபோன் செய்வதா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மாமாவின் கைத்தடிச் சத்தம் கேட்டது. சாயங்காலத் தொழுகை, அஸர், தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மாமா கூடத்துக்கு வந்து, சுண்ணாம்பு வாசனை வந்த பக்கம் முகத்தைத் தூக்கினார். புரை விழுந்த கண் வளைவைத் தடவிக்கொண்டு போனது.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது மாமா.”

“இருந்தபடியே இருக்கா? பாத்துச் சொல்லு.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். நாளைக்கே உளி எடுத்துக்கொண்டு ஆள் வரும், கொடியும் குலையும் வலது பக்கத்துக் கிளியும் குப்பையாகக் கூடத்தில் கிடக்கும், மகள் ஃபோனில் அழுவாள் என்று எல்லாமே ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“இருந்தபடியே இருக்கு மாமா” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார். சுதைக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சாரத்தைப் பிரித்து, கரண்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

என் கணவர் கிளியைப் பார்த்தார். “ஜோரா இருக்கே” என்றார். ஏதோ மாறியிருக்கிறது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கடையில் ஒரு பீரோவின் கைப்பிடி அரை இஞ்ச் தள்ளியிருந்தால் கண்டுபிடிக்கிற மனுஷர். நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா தூங்கும்போது, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை நுணுக்கிக் குழைத்து, ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் குழியை அடைத்தேன். உயரம் என்றாலே எனக்குத் தலை சுற்றும். ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அடைத்தேன். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் காய்ந்து, பொட்டுபோல் கழன்று தொழுகைப் பாயில் விழுந்து கிடந்தது. விடிந்ததும் நான்தான் பார்த்தேன். பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். மறுபடி ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமாவுக்குத் தெரியப் போவதில்லை, அவருக்குத்தான் கண் தெரியாதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்படி ஒரு ஆறுதலைத் தேடியதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த ஆறுதலும் ஒரு வாரம்தான். ஒரு நாள் சாப்பிடும்போது மாமா, “கல்யாணத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கறேன். பேத்தி மொகத்தப் பாக்காம இன்னா கல்யாணம்?” என்றார்.

இரண்டு வருஷமாகக் கெஞ்சியும் கேட்காதவர்.

என் கணவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்தான், “சுகர் ஜாஸ்தியா இருக்கே, கல்யாணம் முடியட்டுமே” என்றேன். வாய் அப்படிச் சொன்னது. ஒரு மனுஷருக்குக் கண் கிடைப்பதைத் தள்ளிப்போடப் பார்த்தவள் நான். ரிப்போர்ட்டைக்கூட, “பாத்துச் சொல்லு” என்று அவர் நீட்டியபோது, சரியாகச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சரியாகத்தான் சொன்னேன். சுகர் அளவாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் இடைவெளி விட்டு ஒவ்வொரு கண்ணாக முடித்தார்கள்.

முதல் கண்ணுக்குப் போட்ட பச்சைத் துணியை எடுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு அவர் வீடு திரும்பிய அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். சமையலறை வாசலில் நின்று, முந்தானையைப் பிசைந்துகொண்டு பார்த்தேன். மாமா கூடத்தின் நடுவில் நின்று மெதுவாகச் சுற்றிலும் பார்த்தார். “பெயிண்ட்டு நல்லா இருக்கே” என்றார். என்னைப் பார்த்தார். “உனக்கு நரச்சிப் போச்சேம்மா” என்றார். பார்வை மேற்குச் சுவருக்குப் போனது. வளைவின்மேல் ஓடியது. பக்கத்தில் மாட்டியிருந்த கடிகாரத்தில் போய் நின்றது.

“கடிகாரம் அஞ்சு நிமிஷம் லேட்டா ஓடுது” என்றார்.

கவனிக்கவில்லை. பிழைத்தேன்.

குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மாமா நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். கூடத்தில் கல்யாணச் சாமான்கள் குவிந்திருந்தன. அதனால் பின்கட்டு அறையில் நாற்காலியைப் போடச் சொன்னார். நான் சந்தோஷமாகக் கொண்டுபோய்ப் போட்டேன். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. ஆலிம் ஓதும்போது எல்லோரும் தலை குனிந்திருக்க, நான் மட்டும் பெண்கள் இருந்த உள்ளறையிலிருந்து வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது நிமிர்ந்து பார்த்துவிடுவார்களோ, மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது கேட்டு மாமா திரும்பிவிடுவாரோ என்று. ஒருவரும் பார்க்கவில்லை. மகள் கிளிக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். தாத்தாவையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அவர் கேமராவை மட்டும் பார்த்தார்.

மகள் மாப்பிள்ளையோடு சென்னைக்குப் போனாள். சாமான்களெல்லாம் போய்க் கூடம் காலியாயிற்று. மாமா பின்கட்டிலேயே தொழுதார். குனியலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், நாற்காலியை விட்டுப் பாயை விரித்த பிறகும், பாய் பின்கட்டிலேயேதான் விரிந்தது. “கூடத்துல வெளிச்சம் கூசுதாம்” என்றார் என் கணவர். அப்படித்தான் இருக்கும் என்று நானும் வைத்துக்கொண்டேன். கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அதுவும் பக்கத்து வீட்டு நிழலில் இருக்கிறது. எந்த வெளிச்சம் கூசும்?

தீபத்துக்கு முந்திய வாரம் மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டு அறையின் கூரை எப்போதுமே ஒழுகும். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்துக்கு விளக்குப் போடப் போனேன். மாமா தொழுகைப் பாயைச் சுருட்டி ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒழுகாத இடமாகப் பார்த்து அறையின் மூலைக்கு மூலை போய்க்கொண்டிருந்தார். சட்டைத் தோள் நனைந்திருந்தது. பத்தடி தள்ளிக் கூடம் காய்ந்து, பெருக்கி, காலியாகக் கிடந்தது.

“மாமா, கூடத்துல வந்து தொழுங்களேன்.”

“இருக்கட்டும்மா. இங்க காத்து நல்லா வருது.”

“காத்தா? சாரல்ல நனைஞ்சிட்டிருக்கீங்க.”

அவர் பாயை விரிக்கக் குனிந்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“மாமா, இடது பக்கத்துக் கிளிக்குக் கண்ணு இருக்கு.”

“தெரியும்” என்றார், பாயின் ஓரத்தைச் சரி பண்ணிக்கொண்டே.

“எப்பலேந்து?”

“பச்சத் துணி எடுத்துட்டு வந்த அன்னிக்கே. அப்புறந்தான் கடிகாரத்தப் பாத்தேன்.”

“ஏன் மாமா ஒண்ணும் கேக்கல?”

“கேட்டா, கல்யாண வீட்ல எல்லார் முன்னாடியும் நீ தல குனியணும்.” கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். “அதும் இல்லாம, நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இருபத்தாறு வருஷமாக அந்தத் திட்டுக்குத்தானே பயந்துகொண்டிருந்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சுதைக்காரர் பட்டினி கிடந்ததை, கண்ணாடி காட்டியதை, அவர் அண்ணனுக்குக் கண் போனதை, நான் சாக்பீஸ் வைத்து அடைத்ததை. ஆபரேஷனைத் தள்ளிப்போடப் பார்த்ததையும் சொன்னேன். அப்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“அந்தச் சுதைக்கார ஆளு கண்ணு நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கு மாமா.”

“அப்ப இருக்கட்டும்.”

“இல்ல மாமா, நாளைக்கே எடுத்துடச் சொல்றேன். மொத்தமும் எடுத்துடலாம்.”

“பயந்துபோயி வெச்ச கண்ணு. அத்த நோண்டி எடுத்துட்டு நாம இன்னா பண்ணப்போறோம்? எனக்கு இந்த எடம் போதும்” என்றார். பிறகு, நேரமாகிவிட்டது, வழி விடு என்பதுபோல் கையை ஆட்டினார்.

மழை விட்டதும் அதே சுதைக்காரரை வரவழைத்துப் பின்கட்டுக் கூரையைச் சரி செய்தேன். மாமா அவரிடம் நின்று பேசினார். அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். கிளியைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கிளி அங்கேதான் இருக்கிறது. நான் பெருக்கும்போது ஒன்று பார்க்கும், ஒன்று பார்க்காது.

மாமாவுக்கு இப்போது தெரு நன்றாகத் தெரிகிறது. யார் வண்டி என்று அவரே சொல்கிறார். மாத்திரை அட்டையின் பொடி எழுத்துதான் இன்னும் பிடிபடுவதில்லை. அதற்கென்று கடைத்தெருவில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார். காலையில் மாத்திரை போடுகிற நேரத்துக்கு நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில்தான் நிற்பேன், “பாத்துச் சொல்லு” என்பாரோ என்று. அவர் அட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, பூதக்கண்ணாடியைக் கிட்டே வைத்துத் தூர வைத்து, தானே படித்துக்கொள்கிறார்.